துக்க வீட்டாரே எனது வாடிக்கையாளர்கள்

கீரிமலைக் கேணியடியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு வான் வந்து நிற்கும். இறங்குபவர்கள் சத்தம் போட்டுக் கதைக்க மாட்டார்கள். ஒருவருடைய கையில் வெள்ளைத் துணியால் வாய் கட்டிய முட்டி இருக்கும். பெண்கள் மாற்று உடுப்புப் பையை அணைத்துக்கொண்டு பெண்களுக்கான கேணி எந்தப் பக்கம் என்று தேடுவார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கிறார்கள் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். இவர்களுக்குக் காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் சமைத்துக் கொடுப்பதுதான் எனது தொழில். 2013 ஆம் ஆண்டிலிருந்து செய்து வருகிறேன்.

"துக்க வீட்டுக்குச் சமைச்சு என்ன முன்னேறப் போறாய்?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். நான் யோசித்தது வேறு விதம். கலியாண வீட்டுச் சமையல் என்றால் 500 பேர், 600 பேர் என்று வரும். அதற்குப் பெரிய கிடாரங்கள், தூக்கி இறக்க நாலைந்து ஆண்கள், வாகனம் எல்லாம் வேண்டும். அந்தியேட்டிக்கு வருவது 20 பேர், மிஞ்சினால் 40 பேர். ஒரு பெண்ணும் உதவிக்கு இரண்டு பெண்களும் தாங்கக்கூடிய அளவு அது. கலியாணத்துக்கு ஆடி, மார்கழி என்று விலக்கிய மாதங்கள் உண்டு. எனது வேலைக்கு அப்படி விலக்கிய மாதம் இல்லை.

நான் பிறந்தது கீரிமலையில். தகப்பனார் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1990 ஜூனில் ஊரே எழும்பி ஓடியபோது எனக்கு 18 வயது. பிறகு மல்லாகத்தில் நலன்புரி நிலையம், 1995 இடப்பெயர்வில் தென்மராட்சி, திரும்பவும் மல்லாகம். 1998 இல் எனது கணவர் காலமானார். மூத்தவளுக்கு அப்போது நாலு வயது, இளையவன் கைக்குழந்தை. கீரிமலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தபடியால் அவருடைய சாம்பலை இங்கே கொண்டுவர முடியவில்லை. வேறொரு கரையில் கரைத்துவிட்டு வந்தோம். கொட்டிலுக்குத் திரும்பியபோது அடுப்பு மூட்ட எனக்குக் கை வரவில்லை. பக்கத்துக் கொட்டில் அக்கா ஒரு சருவச்சட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்து வைத்தா. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சட்டி பிறகு வாங்கிறன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனா. அன்று அந்தச் சோறு என்ன ருசி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் வயிறார உண்டார்கள்.

1990 இல் குண்டுவீச்சில் சிதைந்த நகுலேஸ்வரத்துக்கு 2012 இல் குடமுழுக்கு நடந்தது. அந்த வருடந்தான் நாங்களும் திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் மிச்சம் நின்றது மூன்று அடிச் சுவரும் கிணறும். தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு தோட்டக் கூலிக்குப் போனேன். கீரிமலைக்கு அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் அப்போது நாளாந்தம் கூடிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் வர முடியாதிருந்தவர்கள் அல்லவா? ஆனால் வருகிறவர்களுக்கு ஒரு தேத்தண்ணீர் குடிக்கக்கூட வசதி குறைவு. ஒருநாள் மடமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஐயா என்னைக் கூப்பிட்டு, "நாளைக்குக் காலமை 25 பேருக்கு இடியப்பமும் சொதியும் தர ஏலுமோ, பிள்ளை?" என்று கேட்டார். ஏலும் என்றேன். எனது முதல் ஓடர் அதுதான்.

இரவிரவாக மா வறுத்து, மூத்தவள் உரல் பிடிக்க, 200 இடியப்பம் அவித்தோம். எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். விலை மட்டும் நான் சொல்லவில்லை. தகப்பனைக் கரைத்துவிட்டு ஈர வேட்டியோடு நிற்கிற மனிதனிடம் காசுக் கதை எப்படி எடுப்பது? அவரும் எவ்வளவு என்று இரண்டு தரம் கேட்டார். "நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்றேன். அவர் 2,000 ரூபா தந்தார். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் சாமானுக்கும் உதவிக்கு வந்த பெண்ணின் கூலிக்கும் 2,350 முடிந்திருந்தது. எனக்கும் மகளுக்கும் ஒரு இரவு நித்திரையும் போய் 350 ரூபா நட்டம்.

நட்டத்தை விட வேறொன்று எனக்கு உறைத்தது. அந்த மனிதன் காசைத் தரும்போது முகம் சுருங்கி, "இது காணுமோ, காணாதோ தெரியேல்லை" என்றார். நான் கூச்சப்பட்டதால் அவருக்கு ஒரு பாரம் கூடியிருந்தது. ஐயருக்கு எவ்வளவு, மடத்துக்கு எவ்வளவு, வானுக்கு எவ்வளவு என்று மண்டை குழம்பியிருக்கிற ஒருவரிடம் சாப்பாட்டுக் கணக்கையும் ஊகிக்கச் சொல்வது மரியாதை இல்லை. விலையை முன்கூட்டியே தெளிவாகச் சொல்வதுதான் துக்க வீட்டாருக்குச் செய்யும் முதல் உதவி என்று எனக்கு அன்று பட்டது. இன்றும் அதையே நம்புகிறேன்.

ஆனாலும் வாயால் சொல்ல நாக்கு எழும்பாது. வட மாகாண விவசாயத் திணைக்களம் பெண்களைக் கொண்டு நடத்தும் 'அம்மாச்சி' உணவகத்தை யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பார்க்கப் போயிருந்தேன். கண்ணுக்கு முன்னால் சுடச்சுடச் செய்து கொடுக்கிறார்கள், விலை எழுதி மாட்டியிருக்கிறது, ஆரும் ஆரிடமும் கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து மகனைக் கொண்டு ஒரு மட்டையில் எழுதுவித்தேன்: காலைச் சாப்பாடு ஆளுக்கு இவ்வளவு, மத்தியானம் ஆளுக்கு இவ்வளவு, பிண்டத்துக்குப் பச்சரிசி, எள், காய்கறி சேர்த்துத் தந்தால் இவ்வளவு. கூச்சம் பாதி அந்த மட்டையோடு போய்விட்டது. அப்போது மத்தியானச் சாப்பாட்டுக்கு 150 ரூபா எழுதினேன். இப்போது அதே சாப்பாடு 450.

ஓடர் எடுக்கும்போது என்ன கேட்க வேண்டும் என்பதைப் பிழை விட்டு விட்டுத்தான் பழகினேன். எத்தனை பேர், அதில் எத்தனை சிறுவர், ஐயர் சொன்ன நேரம் என்ன, வெங்காயம் உள்ளி சேர்ப்பதா விடுவதா, நீரிழிவுக்காரர் இருக்கிறார்களா. நீரிழிவுக்காரரைக் கேட்பது முக்கியம். கிரியை முடிய ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும்; விரதம் என்று வெறும் வயிற்றோடு இருக்கும் வயதானவர்கள் கேணிப் படியில் தலைசுற்றி விழுந்ததை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு ஐயரிடம் கேட்டுவிட்டு முன்னதாகவே ஏதாவது கொடுத்துவிடுவேன். சோற்றுக்கு ஒரு கிலோ அரிசி 7 பேருக்கு என்று கணக்கு. சொன்ன தொகைக்கு மேல் ஐந்து பேருக்கு எப்போதும் கூடச் சமைப்பேன். சாவீட்டில் கணக்குச் சரியாக வராது, கேள்விப்பட்டவர்கள் வந்துவிடுவார்கள்.

கேட்கக் கூடாதது ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஒரு பிள்ளையிடம், "அம்மாவுக்கு என்ன வருத்தம்?" என்று அக்கறையாகத்தான் கேட்டேன். அந்தப் பிள்ளை கோப்பையை வைத்துவிட்டுப் போய்க் கேணிச் சுவரோடு நின்று அழுதது. 31 நாளாக எத்தனை பேருக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கும்! எனது கொட்டிலுக்குச் சோறு கொண்டுவந்த அக்கா ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன்: "சோறு போடட்டோ, கறி போடட்டோ எண்டு மட்டும் கேளுங்கோ." அவர்களாகச் சொல்ல வந்தால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும். அதற்கு அவசரப்படக் கூடாது.

2014, 2015 இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த பிரச்சினை பெரிதாகக் கதைக்கப்பட்டது. அப்போது வந்தவர்கள் தேத்தண்ணீரை வாங்கி மணந்து பார்த்தார்கள். கோபப்பட்டு என்ன பிரயோசனம்? "வாங்கோ, கிணத்தைப் பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய் வாளியால் அள்ளிக் காட்டினேன். குசினியையும் பார்த்தார்கள். அதிலிருந்து குசினிக் கதவைப் பூட்டுவதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னபடி எடுத்த வைத்தியச் சான்றிதழ்களையும் சுவரில் கொழுவி விட்டேன். நான் சுத்தம் என்று நூறு தரம் சொல்வதைவிட, உள்ளே வந்து பார்க்க விடுவது வேலை செய்கிறது.

வாடிக்கையாளரை நினைவில் வைத்திருக்க ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பெயர், ஊர், தொலைபேசி, எத்தனை பேர், எவ்வளவு தந்தார்கள், என்ன குறை சொன்னார்கள், இறந்தவருடைய திதி. இந்தத் திதி விடயத்தில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். ஆட்டைத் திவசம் வருகிறதே, ஞாபகப்படுத்தினால் ஓடர் கிடைக்கும் என்று நினைத்து ஒரு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு ஆண் குரல், "எங்கட அம்மா செத்தது உமக்கு வியாபாரமோ?" என்று கேட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதன் பிறகு நானாக ஒருவருக்கும் அழைப்பு எடுத்ததில்லை. அந்தியேட்டி அன்று அவர்கள் புறப்படும்போது, அடுத்த வருடத் திவசத் திதியை ஐயரிடம் கேட்டு ஒரு சிறு மட்டையில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பின்பக்கத்தில் எனது தொலைபேசி இலக்கம் இருக்கும். கூப்பிடுவதும் விடுவதும் அவர்கள் விருப்பம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அந்த மட்டையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வைபரில் கூப்பிடுகிறார்கள்: "அக்கா, அப்பாவின்ர திவசம் வருது. இஞ்ச எங்களால ஒண்டும் செய்ய ஏலாது, நீங்கள்தான் பாக்கோணும்." வெளிநாட்டு ஓடருக்குச் சாப்பாடு பரிமாறிய படம் ஒன்றை அன்றே அனுப்பிவிடுவேன். காசு தந்தவர் கண்ணால் காண வேண்டும்.

குறை சொல்கிறவர்கள் வராமல் இல்லை. ஒருமுறை சாப்பாடு ஏற்றிய ஓட்டோ பழுதாகி 40 நிமிடம் பிந்திவிட்டது. வீட்டுக்கு மூத்த பெண்மணி எல்லாருக்கும் முன்னால் ஏசினா. நான் ஓட்டோக் கதையைச் சொல்லச் சொல்ல அவவுக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. பசியோடு நிற்பவருக்குக் காரணம் தேவையில்லை என்பதை நான் யோசிக்கவில்லை. இப்போது, "பிழை எங்கடதான் அம்மா, முதல் சாப்பிடுங்கோ" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். காலைச் சாப்பாட்டுக் காசில் ஒரு பகுதியை அவர்கள் கேட்காமலே கழித்துவிடுவேன். காரணத்தை ஒருவரும் பிறகு கேட்பதுமில்லை.

வான் சாரதிகள் சிலர், "ஆள் கொண்டு வந்தால் எனக்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். கொமிசன் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது வாடிக்கையாளரின் தட்டிலிருந்துதான் குறைய வேண்டும். சாரதிக்கு மரியாதையாக இலை போட்டு வயிறு நிறையச் சாப்பாடு கொடுப்பேன். இதனால் எனக்குச் சில ஓடர்கள் தவறிப்போவதும் உண்மை.

கடனைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது. 2016 இல் கிடாரமும் காஸ் அடுப்பும் வாங்க ஒரு நிறுவனத்திடம் 50,000 ரூபா குழுக்கடன் எடுத்தேன். கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். எனது தொழிலில் காசு கிழமைக் கணக்கில் வராது; ஒரு கிழமை நாலு ஓடர், அடுத்த கிழமை ஒன்றுமில்லை. ஒரு திங்கட்கிழமை, வீட்டில் துக்க வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடன் அறவிட வந்தவர் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "காசு தராமல் போகமாட்டன்" என்றார். சாப்பிட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தக் குடும்பம் பிறகு வரவில்லை. தோட்டைக் கொண்டுபோய் அடகு வைத்து அந்தக் கடனை முடித்தேன். 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கம் நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தபோது, நான் ஏற்கனவே கட்டி முடித்திருந்தேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இப்போது பெரிய சாமான் வாங்குவதற்கு நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து பிடிக்கிற சீட்டு மட்டுந்தான். ஓடருக்கு அரைவாசி முற்பணம் வாங்குவதால் சாமானுக்குக் கடன் படவும் தேவையில்லை.

அந்த முற்பணமே 2020 இல் என்னைச் சோதித்தது. மார்ச் 20 ஊரடங்கு போட்டபோது நாலு குடும்பத்தின் முற்பணம் என்னிடம் இருந்தது. இரண்டு பேருடையதற்குச் சாமானும் வாங்கிவிட்டேன். "வைச்சிருங்கோ, பிறகு பாப்பம்" என்றுதான் அவர்களும் சொன்னார்கள். ஆனால் எல்லார் வீட்டிலும் தொழில் நின்றுபோயிருந்த நேரம் அது. வழி திறந்த பிறகு நாலு பேருக்கும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிய அரிசியையும் பருப்பையும் நாங்கள் சாப்பிட்டோம். அந்த நாலு குடும்பங்களில் மூன்று இன்றைக்கும் எனது கொப்பியில் இருக்கின்றன. மற்றதற்கு என்ன நடந்ததோ தெரியாது.

2022 வேறு விதமான வருடம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 ஒக்ரோபருக்கு முன்னர் 1,500 ரூபாவுக்கும் குறைவு. 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பனம்மட்டையும் ஊமலும் இருந்ததால் எனது அடுப்பு அணையவில்லை. வடக்குப் பெண்களுக்கு அது புதிதில்லையே! மாதத் தொடக்கத்தில் விலை பேசி எடுத்த ஓடருக்கு மாத முடிவில் சமைக்கும்போது எண்ணெய், பருப்பு எல்லாம் எங்கேயோ போயிருக்கும். வாயால் சொன்ன விலையை மாற்றாமல் அந்த ஓடர்களைச் செய்து முடித்தேன், சிலவற்றில் கைநட்டம். அதன் பிறகு, "இந்த விலை ஒரு கிழமைக்குத்தான் செல்லும்" என்று விலை மட்டையில் ஒரு வரி கூட்டினேன். கட்டாதவர்களுக்கு என்று சோறு, பருப்பு, ஒரு கறி, சம்பல் மட்டும் உள்ள சாப்பாடு ஒன்றும் சேர்த்தேன். முதலுக்கு முதல்தான் வாங்குவேன். சும்மா கொடுப்பதில்லை. சும்மா வாங்கிச் சாப்பிட்ட காலம் எங்களுக்கும் இருந்தது, அந்த வரிசையில் நின்ற கால்கள் இவை. இன்னொருவரை அதில் நிற்க வைக்க மனம் வரவில்லை.

2019 ஆடி அமாவாசைக்குக் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி 15 பேருக்கு ஓடர் தந்திருந்தார். தகப்பனுக்கு முதல்முறையாகப் பிதிர்க்கடன் செய்யப் போவதாகச் சொன்னார். காத்தோட்டிக்காய்க் கறியோடு எல்லாம் அடுப்பில் ஏறிவிட்டது. ஏழு மணி போல அவருடைய தாயார் தனியாகக் குசினிக்குள் வந்தா. "தங்கச்சி, இந்தச் சமையல் ஆருக்கு?" என்று கேட்டா. நான் பேசாமல் நின்றேன். "அவர் இருக்கிறார். 2009 மே மாதம் என்ர கண்ணுக்கு முன்னால நடந்து போனவர். இருக்கிற மனிசனுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கிறதோ?" என்றா.

ஓடர் தந்தது மகன், காசு தந்ததும் மகன். ஆனால் தாயார் எனது அடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறா. வெளியே போய் அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "செய்யிறதோ விடுறதோ நீங்களும் அம்மாவும் கதைச்சு முடிவெடுங்கோ. அதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. எந்த முடிவெண்டாலும் சாப்பாடு தயார். இது இண்டைக்கு உங்கட மத்தியானச் சாப்பாடு, அவ்வளவுதான்." அவர் கன நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர்கள் ஐயரிடம் போகவில்லை. கேணியில் முழுகிவிட்டு நகுலேஸ்வரத்துக்குப் போய்த் தகப்பனுடைய பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார்கள். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது. மகனும் பக்கத்தில் நின்றார் என்று பிறகு அறிந்தேன். மத்தியானம் 15 பேரும் வந்து சாப்பிட்டார்கள். தாயாரும் சாப்பிட்டா. மிச்சக் காசை அந்தத் தம்பி எண்ணித் தந்துவிட்டு, "குறை நினையாதேங்கோ அக்கா" என்றார். குறை நினைக்க என்ன இருக்கிறது?

தாயார் இப்போது வருடாவருடம் தானே தொலைபேசி எடுப்பா. கோயிலடியில் கொடுப்பதற்குப் பத்துப் பார்சல் கேட்பா. ஆருக்காக என்று சொல்வதுமில்லை, நான் கேட்பதுமில்லை. முதல் தடவை எனது உதவியாளர் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "ஆரின்ர பேரில எழுதிறது?" என்று கேட்டா. இலக்கத்தையும் பார்சல் எண்ணிக்கையையும் எழுது, திதி இடத்தை விடு என்றேன். கடந்த ஆடியிலும் கூப்பிட்டா. பன்னிரண்டு பார்சல், காத்தோட்டிக்காய் கட்டாயம் என்றா. பற்றைகளில் பிடுங்கித் தருகிறவரிடம் அதை ஒரு கிழமைக்கு முன்னரே சொல்லி வைத்துவிட வேண்டும். அமாவாசைக்கு முதல் நாள் சந்தையில் அவர்கள் வைத்ததுதான் விலை.